கையெழுத்துச் சாயல் எழுத்துருவின் நடைநிலையும் பயன்பாடும்: கேரள எல்லைப்புற இருமொழிச் சூழலை முன்வைத்து

0. முன்னுரை

எழுத்துரு ஒன்றைப் பற்றித் தமிழில் எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் அதன் அழகையும், கணிப்பொறியில் அது இயங்கும் முறையையும் கூறி அமைந்துவிடுகின்றன. அவ்வெழுத்துருவில் அச்சிடப்படும் சொற்கள் எத்தகைய நடைநிலைக்கு உரியவை, எவ்வகைப் படிப்போரை நோக்கியவை என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் தமிழில் இவ்வினாக்கள் மொழியியலுக்கு உரியனவே. ஒரு தொடரின் சொற்களும் விகுதிகளும் எவ்வாறு ஒரு வழக்குநிலையைச் சுட்டுகின்றனவோ, அவ்வாறே அத்தொடர் பொறிக்கப்பட்ட எழுத்தின் வடிவமும் ஒரு வழக்குநிலையைச் சுட்டுகிறது.

இக்கட்டுரை, மெல்லிய கோட்டில் கையெழுத்துச் சாயலாக அமைக்கப்படும் தலைப்பெழுத்துரு வகையை ஆராய்கிறது. இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய ‘கவிவாணர்’ இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. மலையாளத்தில் சந்தோஷ் தோட்டிங்ஙல் வடிவமைத்து, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பின் வழியாக 2014-ஆம் ஆண்டு வெளிவந்த ‘சிலங்க’ ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. (சிலங்க என்பது தமிழில் சலங்கை.) இரண்டும் கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை, எவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்கவை. எனவே சிற்றூர் அச்சகம் முதல் அரசு அலுவலகம் வரை எங்கும் இவை சென்று சேரக்கூடும். இவ்விரு எழுத்துகளும் ஒரே பலகையில் அருகருகே நிற்க வேண்டிய இடம் கேரள எல்லைப்புறம். பாலக்காடு மாவட்டத்தின் கோவிந்தாபுரம் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

1. மெல்லிய கோட்டின் மரபு

தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறிமாறி வரும் எழுத்தையே இன்றைய படிப்போர் ‘அச்செழுத்து’ என்று உணர்கின்றனர். ஆயின் தமிழ் எழுத்தின் நீண்ட வாழ்வு ஓலையில் கழிந்தது. எழுத்தாணி ஓலையைக் கீறும்போது கோட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒரே அளவாகவே இருக்கும். அழுத்தினால் ஓலை கிழியும். ஆகவே சீரான மெல்லிய கோடு தமிழுக்குப் புதிதன்று. அதுவே பழைய நிலை.

தமிழ் அச்செழுத்துகள் 16-ஆம் நூற்றாண்டிலேயே வார்க்கப்பட்டன. 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ இன்றைய கேரளத்தின் கொல்லத்தில் அச்சாயிற்று. பின்னர் தரங்கம்பாடியிலும், 19-ஆம் நூற்றாண்டில் சென்னையின் அமெரிக்க மிஷன் அச்சகத்திலும் அச்செழுத்து படிப்படியாகச் செம்மை பெற்றது. இவ்வளர்ச்சியில் எழுத்தின் உயரம் ஒழுங்காயிற்று. கோட்டில் தடிப்பு வேறுபாடு புகுந்தது. மெய்யெழுத்தின் புள்ளி தவறாது இடம்பெறத் தொடங்கியது. கையெழுத்தோ தனிவழியில் தொடர்ந்தது. மை பேனாவும் பந்துமுனைப் பேனாவும் வந்தபோது, ஓலைக்கு உரிய சீரான கோடு தாளில் மீண்டும் தோன்றியது. பள்ளிக் குறிப்பேடும் அஞ்சலட்டையும் வீட்டுக் கணக்கும் அக்கோட்டிலேயே எழுதப்பட்டன.

இதனால் ஒரு செய்தி பெறப்படுகிறது. மெல்லிய, சீரான கோடு தமிழ்ப் படிப்போர்க்குத் தனிமனிதர் கையை நினைவூட்டுகிறது. அச்சின் தடிப்பு நிறுவனத்தை நினைவூட்டுகிறது. கையெழுத்துச் சாயல் எழுத்துருவின் நடைநிலை இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. அது நெருக்கத்தைக் கூறுகிறது. ‘இதை ஒருவர் எழுதினார்’ என்று கூறுகிறது.

2. கவிவாணர்: வடிவமைப்பும் அதன் எல்லையும்

கவிவாணர் தமிழ் எழுத்துகளையும் இலத்தீன் எழுத்துகளையும் கொண்டது. இரண்டும் வலப்பக்கம் சாய்ந்தவை. சாய்வு எழுத்து என்பது தமிழ் அச்சு மரபில் இயல்பாக வளர்ந்ததன்று. ஆங்கில நூல்களைப் பார்த்து, நேர் எழுத்தைக் கணிப்பொறியில் சாய்த்துக்கொள்ளும் பழக்கமே மிகுதி. அவ்வாறு சாய்க்கும்போது ‘ட’ போன்ற செங்கோண எழுத்துகள் நிலைகுலைகின்றன. வட்டங்கள் முட்டை வடிவாகின்றன. கவிவாணரில் எழுத்துகள் தொடக்கத்திலேயே சாய்வாக வரையப்பட்டிருப்பதால் அக்குறை இல்லை. சாய்வு ஈண்டு அழுத்தம் காட்டும் குறியாக வரவில்லை. விரைந்து எழுதும் கையின் இயல்பாக வருகிறது. இது இவ்வெழுத்துருவின் முதற்சிறப்பு.

ஆயினும் கையெழுத்தின் இயல்பு சாய்வோடு முடிவதில்லை. கை எழுதும் எழுத்து ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபடும். எழுத்துரு ஒவ்வொரு முறையும் ஒரே வடிவத்தைத் தரும். இக்குறை எல்லா மொழிகளுக்கும் பொது எனினும் தமிழில் கூடுதலாகப் புலப்படுவதற்கு ஒரு மொழியியல் காரணம் உண்டு. தமிழில் ஒற்று இரட்டித்தல் மிகுதி. ‘பக்கம்’, ‘அம்மா’, ‘பாட்டு’, ‘தாத்தா’ போன்ற சொற்களில் ஒரே அடிப்படை வடிவம் இருமுறை அடுத்தடுத்து நிற்கிறது. எழுதும் கை, புள்ளி பெறும் முதல் எழுத்தைச் சற்று ஒடுக்கி, உயிரேறிய இரண்டாம் எழுத்தை விரித்து எழுதும். எழுத்துருவில் இரண்டும் அச்சொட்டி நிற்கும்போது கையின் தோற்றம் அந்த இடத்திலேயே கலைகிறது. இன்றைய எழுத்துருத் தொழில்நுட்பம் சூழலுக்கேற்ற மாற்று வடிவங்களை ஒரே எழுத்துருவில் அமைக்க இடம் தருகிறது. தமிழ்க் கையெழுத்துச் சாயல் எழுத்துரு எதையும் மதிப்பிட முற்படுவோர், இரட்டித்த ஒற்றுகளை முதலில் எழுதிப் பார்த்தல் தகும். இலத்தீன் எழுத்துக்கு வகுக்கப்பட்ட அளவுகோல்கள் இதனைக் கூறா.

மற்றோர் எல்லை தடிப்பைப் பற்றியது. கவிவாணர் ஒரே தடிப்பில் மட்டும் கிடைக்கிறது. தடித்த வடிவம் வேண்டுவோர் கணிப்பொறியின் செயற்கைத் தடிப்பைப் பயன்படுத்தினால் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். எனவே இவ்வெழுத்துருவைப் பெரிதாக்கலாம். தடிக்கச் செய்தல் ஆகாது. இது குறையன்று, தலைப்புக்கும் சில வரிகளுக்கும் உரியது என்னும் வரையறையே. வரையறையை அறியாது பயன்படுத்துவதே குறை.

3. புள்ளியின் பொறுப்பு

மெல்லிய கோட்டினால் விளையும் நன்மை, சுழி மிகுந்த எழுத்துகள் திறந்து நிற்றல். அதனால் விளையும் இழப்பு, சிறு குறிகள் மறைதல். தமிழ் எழுத்து முறையில் மிகச் சிறிய குறியே மிகப் பெரிய பொறுப்பைச் சுமக்கிறது. மெய்யையும் உயிர்மெய் அகரத்தையும் பிரிப்பது புள்ளி ஒன்றே. ‘பல்’, ‘பல’ என்பன இதனை விளக்கும் வேற்றுமை இணை. ‘பல் மருத்துவமனை’ என்னும் பலகையில் புள்ளி மறைந்தால் ‘பல மருத்துவமனை’ எஞ்சும். அவ்வாறே ‘எடு’, ‘ஏடு’ என்பவற்றைப் பிரிப்பது ஒரு சிறு கீற்று. ‘கொடு’, ‘கோடு’ என்பவற்றைப் பிரிப்பது கொம்பின் மேற்சுழி.

புள்ளியிட வேண்டும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஆயினும் ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்றைய முறையில் காட்டும் மாற்றம் வீரமாமுனிவர்க்கு (1680–1747) உரியதாகக் கூறப்படுகிறது. ஓலையிற் கற்றோர் புள்ளியின்றியும் படித்தனர் அன்றோ, இன்று படிப்போர்க்கு மட்டும் இடர் யாது என்று ஈண்டு வினவலாம். அன்று படித்தோர் யாப்பறிந்த புலவர். பாடலின் சீரும் தளையும் அவர்க்குத் துணை நின்றன. ஒரு வரியில் நெடிது நின்று ஆராயும் ஓய்வும் அவர்க்கிருந்தது. பேருந்திலிருந்து பலகையைப் பார்ப்பவர்க்கு இவற்றுள் எதுவும் இல்லை.

சாய்வு எழுத்தில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. எழுத்து வலப்பக்கம் சாயும்போது அதன் தலைமேல் நிற்கும் புள்ளியும் வலப்பக்கம் நகர்ந்து, அடுத்த எழுத்தின் எல்லையை நெருங்குகிறது. மெல்லிய கோட்டுக்கு ஏற்பப் புள்ளியும் சிறுத்துவிட்டால், அது எந்த எழுத்துக்கு உரியது என்பது ஐயத்துக்கு இடமாகும். எனவே மெல்லிய எழுத்துருவில் புள்ளியை மட்டும் கோட்டின் தடிப்பைவிடப் பெரிதாக வைப்பதும், சாய்வின் அளவுக்குச் சற்று இடப்பக்கம் இழுத்து வைப்பதும் வேண்டப்படும் திருத்தங்கள். அழகு நோக்கில் புள்ளி சற்றுத் துருத்தித் தோன்றலாம். பொருள் வேறுபடுத்தும் கூறு என்ற நோக்கில் அத்துருத்தல் தேவையானது.

4. கையின் வடிவமும் சீர்திருத்த வடிவமும்

தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட வடிவங்களை அடியொற்றி, ‘ணா, றா, னா’, ‘ணை, லை, ளை, னை’ முதலிய 13 எழுத்துகள் மாற்றப்பட்டன. அச்சு விரைவில் மாறிற்று. கை அவ்வளவு விரைவில் மாறவில்லை. பழைய முறையிற் பயின்றோர் ‘லை’ என்பதைத் துதிக்கை போன்ற வளைவுடனேயே தொடர்ந்து எழுதினர். மலையாளத்திலும் இதனையொத்த நிலை உண்டு. கேரள அரசு 1971-இல் புதிய எழுத்து முறையைக் கொணர்ந்து, தட்டச்சுக்கு ஏற்பக் கூட்டெழுத்துகளையும் உகர ஊகாரச் சேர்க்கைகளையும் பிரித்தது. கையெழுத்திலோ பழைய கூட்டெழுத்துகள் பல நிலைத்தன.

இரு எழுத்துருக்களின் மதிப்பீட்டில் இவ்வரலாறு முதன்மை பெறுகிறது. சிலங்க மரபுவழிக் கூட்டெழுத்துகளைக் கொண்டது. ஆகவே அது கையின் கோட்டை மட்டுமன்றி, கை காத்துவந்த வடிவங்களையும் அச்சுக்குக் கொணர்கிறது. தமிழ்க் கையெழுத்துச் சாயல் எழுத்துருக்கள் பொதுவாகச் சீர்திருத்த வடிவத்தை அடிப்படையாகக் கொள்கின்றன. யூனிகோடு முறையில் பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் குறியீட்டு வரிசை ஒன்றே. எது தோன்றவேண்டும் என்பதை எழுத்துருவே முடிவு செய்கிறது. எனவே பழைய வடிவத்தை விருப்பத் தெரிவாக உள்ளே வைப்பதற்குக் குறியேற்றம் தடையாகாது. தேடலுக்கும் சேமிப்புக்கும் அதனால் ஊறு இல்லை.

இது பழமையைப் போற்றும் வேண்டுகோள் அன்று. நாவல் ஒன்றில் 1950-ஆம் ஆண்டு எழுதப்பட்டதாக வரும் கடிதத்தைக் கையெழுத்துச் சாயலில் அச்சிட விரும்பும் பதிப்பாளர்க்கு, அக்காலத்துக் கை எழுதியிராத ‘லை’ பொருந்தாது. அச்சொழுங்கை மீறும் உரிமை கையெழுத்துச் சாயலுக்கு இயல்பாகவே உண்டு. அவ்வுரிமையைச் சாய்வுக்கு மட்டும் பயன்படுத்தி, வடிவத்துக்குப் பயன்படுத்தாது விடுதல் பாதிப் பணியே.

5. கோவிந்தாபுரம்: ஒரு பலகையில் இரு எழுத்துகள்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில், எல்லையைக் கடந்தவுடன் கேரளப் பகுதியில் அமைந்தது கோவிந்தாபுரம். மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற முதலமடைப் பகுதியைச் சார்ந்தது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது இத்தகைய ஊர்களில் தமிழ் பேசுவோர் மொழிச் சிறுபான்மையர் ஆயினர். இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்து வாழும் தமிழர் நிலையும் இதுவே. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையர் அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ள வழிசெய்கிறது. இப்பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. ஆகவே ஈண்டுப் பலகையில் தோன்றும் தமிழ் வரி அணிக்காக வருவதன்று. உரிமை ஒன்றின் கண்கூடான வடிவம் அது.

இச்சூழலில் எழுத்துருத் தேர்வு மூன்று வகையில் தவறக்கூடும்.

(அ) மலையாள வரி கையெழுத்துச் சாயலிலும், தமிழ் வரி கணிப்பொறியில் இயல்பாக இருக்கும் எழுத்துருவிலும் அமைதல். அப்போது மலையாளம் அழைக்கிறது, தமிழ் அறிவிக்கிறது. சொல் சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தும், தமிழ் வரி பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒட்டாகத் தோன்றும்.

(ஆ) இரண்டும் கையெழுத்துச் சாயலில் அமைந்து, தமிழ் மட்டும் மிக மெல்லியதாக இருத்தல். மலையாள எழுத்து உருண்டையும் அகலமும் உடையது. மெல்லிய கோட்டிலும் இடத்தை நிரப்பி நிற்கும். தமிழ் எழுத்தில் ‘ட’, ‘ப’, ‘ம’ போன்றவை நேர்கோட்டால் ஆனவை. அதே கோட்டு அளவில் அவை வெறுமையாகத் தோன்றும். ஆகவே இரண்டும் ஒரே தடிப்பில் இருந்தால் சமம் என்று கருதுதல் பிழை. சமமாகத் தோன்றத் தமிழுக்குச் சற்றுக் கூடுதல் தடிப்பு தேவைப்படலாம்.

(இ) ஒருமை கருதித் தமிழ் எழுத்தை மலையாளம்போல உருட்டுதல். இரு எழுத்து முறைகளும் உறவுடையவை. உகரம், எகரம், வகரம் போன்றவற்றின் வடிவங்கள் தம்முள் நெருங்கியவை. இரண்டையும் ஒருங்கே பயிலும் எல்லைப்புறச் சிறுவர்க்கு முதல் வேலை, இது எந்த எழுத்து என்று அறிதலே. தமிழின் கோணங்கள் அதற்கு உதவும் அடையாளம். அவற்றை உருட்டிவிட்டால் உறவு மயக்கமாக மாறும்.

இரு எழுத்துகளையும் இணையாக வடிவமைத்தல் இயலாததன்று. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு, ‘மீரா’ என்னும் மலையாள எழுத்துருவுக்குத் துணையாக ‘மீரா இனிமை’ என்னும் தமிழ் எழுத்துருவை வெளியிட்டுள்ளது. உரைநடைக்குரிய அவ்விணையைப் போன்று கையெழுத்துச் சாயலிலும் ஓர் இணை வேண்டும். சிலங்க தமிழ் எழுத்துகளைக் கொண்டதன்று. கவிவாணர் மலையாளம் கொண்டதன்று. தனித்தனியே பிறந்த இவற்றை ஒரே பலகையில் சேர்ப்போர், அளவையும் தடிப்பையும் கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்தல் வேண்டும். எண்ணளவில் ஒரே புள்ளியளவு கொடுத்துவிடுதல் போதாது.

6. மொழிபெயர்ப்பில் நடைநிலை இணை

1959-இல் பெர்கூசன் விளக்கிய இரட்டை வழக்கு நிலைக்குத் தமிழ் தக்க சான்று. உயர்வழக்குக்கும் பொதுவழக்குக்கும் உரிய இடங்கள் தம்முள் வேறானவை. கையெழுத்துச் சாயல் எழுத்துரு பொதுவழக்கின் பக்கம் சாய்வது. இதனைக் கருதாத மொழிபெயர்ப்பில் சொல்லும் வடிவமும் முரண்படும்.

விழா அழைப்பு ஒன்றின் தலைவரியைக் கொள்வோம். மலையாளத்தில் ‘ஸ்வாகதம்’ என்று கையெழுத்துச் சாயலில் அமைகிறது. தமிழில் ‘நல்வரவு’, ‘வருக’, ‘வாருங்கள்’, ‘வாங்க’ என நான்கு தெரிவுகள் உள்ளன. ‘நல்வரவு’ வளைவுகளிலும் வாயில்களிலும் பழகிய சொல். தடித்த நேர் எழுத்தே அதற்கு ஒத்தது. மெல்லிய சாய்வெழுத்தில் அது கடன்வாங்கிய உடைபோல் நிற்கும். ‘வாங்க’ என்பது கையெழுத்துச் சாயலில் இயல்பாகப் பொருந்தும்; அதனையே நேர் அச்செழுத்தில் அமைத்தால் விளம்பர ஓசை ஏறும். ‘வாருங்கள்’ இடைப்பட்டது, இரண்டிலும் ஏற்கும். ஆக, மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தெரிவு செய்யும்போதே எழுத்துருவை அறிந்திருத்தல் வேண்டும். அறியாவிடில் அவரது தெரிவு அச்சகத்தில் மாற்றப்பட்டதற்கு ஒப்பாகும்.

எதிர்நிலையும் கருதத்தக்கது. ‘இதனால் அனைவர்க்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்’ என்று தொடங்கும் அறிவிப்பைக் கையெழுத்துச் சாயலில் அமைத்தால் அறிவிப்பின் ஆட்சித்தன்மை குலையும். அது பொறுப்புடைய அலுவலகத்தின் சொல்லா, எவரோ ஒட்டிய தாளா என்ற ஐயம் எழும். மருந்தளவு, தேர்தல் அறிவிப்பு, நில ஆவணம், நீர்நிலையில் இடர் எச்சரிக்கை ஆகியவற்றில் இவ்வையத்துக்கு இடமே இருத்தலாகாது. சிறுபான்மை மொழியில் வரும் அறிவிப்புக்கு இது இருமடங்கு பொருந்தும். அதைப் படிப்பவர்க்கு ஐயம் தீர்க்க அருகிலுள்ள பெரும்பான்மை மொழி வரி உதவாமற் போகலாம்.

இவ்வெழுத்துருவுக்கு முற்றிலும் பொருந்தும் இடங்கள் பல உள்ளன. புனைகதையில் வரும் கடிதமும் நாட்குறிப்பும், கவிதைத் தொகுப்பின் தலைப்பு, சிறுவர் நூலில் பாத்திரங்களின் பேச்சு, வாழ்த்து அட்டை, கலைநிகழ்ச்சிச் சுவரொட்டி ஆகியன அவற்றுட் சில. மூல நூலில் ஒரு பகுதி கையெழுத்தாகக் காட்டப்பட்டிருந்தால் மொழிபெயர்ப்பாளர் அதனைத் தம் படியில் குறித்து, பதிப்பாளர்க்கு அறிவித்தல் தகும். அச்சாயல் மூலத்தின் பொருளில் ஒரு பகுதியாதலின், அதனை விடுதல் விடுபாடே.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

(1) மெல்லிய கையெழுத்துச் சாயல் எழுத்துரு தமிழில் நெருக்க வழக்குநிலையைச் சுட்டுகிறது. இதற்கு ஓலையும் குறிப்பேடும் தந்த வரலாற்று அடிப்படை உண்டு.

(2) இத்தகைய எழுத்துருவின் தகுதியைச் சாய்வும் நயமும் மட்டும் கொண்டு அறிய இயலாது. இரட்டித்த ஒற்றின் தோற்றம், புள்ளியின் அளவும் இடமும், குறில் நெடில் குறிகளின் தெளிவு ஆகிய மூன்றும் தமிழுக்கே உரிய சோதனைகள்.

(3) கவிவாணர் தொடக்கத்திலேயே சாய்வாக வரையப்பட்டது என்ற வகையில் பாராட்டத்தக்க முன்னடி. கை எழுதிய பழைய வடிவங்களை விருப்பத் தெரிவாகத் தருவதும், இரட்டித்த ஒற்றுக்கு மாற்று வடிவம் அமைப்பதும் இவ்வகை எழுத்துருக்கள் மேற்கொள்ளவேண்டிய அடுத்த பணிகள். மரபு வடிவங்களைக் காக்கும் வகையில் சிலங்க இதற்கு முன்மாதிரி.

(4) இருமொழிப் பலகையில் இரு வரிகளும் நடைநிலையில் இணையாகவும், எழுத்தடையாளத்தில் தனியாகவும் நிற்றல் வேண்டும்.

(5) உரிமையும் உயிரும் சார்ந்த அறிவிப்புகளில் இவ்வெழுத்துருவை விலக்குதல் வேண்டும். கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் தமிழ் வரி இருக்கிறது என்பதனோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அது எட்டத்திலிருந்து படிக்கத்தக்கதாக உள்ளதா, தன் குரலில் பேசுகிறதா என்பனவும் எல்லைப்புற மொழிநிலை ஆய்வுகளில் பதிவு செய்யப்படுதல் வேண்டும்.